தையல் தெரிந்தது, துணி தெரியவில்லை: ஒரு தீபாவளி நட்டக் கணக்கு

2023 தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலையில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா வாசலுக்கு வந்து ஒரு பையை நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே அவருடைய மகளுக்கு நான் தைத்துக் கொடுத்த மெரூன் சட்டை இருந்தது. கழுத்தில் வைத்திருந்த வெள்ளைப் பட்டி முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. கை மேலே ஏறிவிட்டது. கக்கத்தில் தையல் அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் துணி மட்டும் நூல் நூலாக விலகியிருந்தது. ஒரே ஒரு தடவைதான் பீலியில், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயடியில், கழுவியிருக்கிறார். அன்று மாலைக்குள் இன்னும் நான்கு பைகள் வந்தன. வார முடிவில் எண்ணிப் பார்த்தபோது, நான் கொடுத்த 41 உடுப்பில் 27 என் மெஷினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கும் பெண்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். எனக்கு யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆறு வாரமும் அந்தக் காசும் போயிருக்காது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுப்பவர். 2010இல், ஏ.எல். எழுதிய கையோடு கட்டுநாயக்கவுக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனேன். நம் ஏற்றுமதிக்கு ஐரோப்பா தந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை இல்லாமல் போன வருடம் அது. வேலை இருக்குமா, போய்விடுமா என்று போர்டிங்கில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே நுழைந்தேன். இரண்டு வருடம் மெஷினில் இருந்தேன், அப்புறம் எட்டு வருடம் தையல் லைனில் கியூ.சி., அதாவது தரம் பார்க்கும் வேலை. ஒரு அங்குலத்தில் எத்தனை தையல், கொலர் இரண்டு பக்கமும் சமமா, பொத்தான் இழுத்தால் வருகிறதா என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண் இது. கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. சேமலாப நிதிக் காசில் ஒரு பழைய ஜுக்கி மெஷினும் ஓரம் அடிக்கிற ஓவர்லொக்கும் வாங்கினேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாரி பிளவுஸ் என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அவரவர் கொண்டு வந்த துணியில் தைப்பதால் கூலி மட்டும்தான் என் பொறுப்பு.

2023இல் துணியையும் நானே வாங்கித் தைத்துத் தருகிறேன் என்று சொன்னதுதான் ஆரம்பம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. டவுனில் ரெடிமேட் சட்டைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை ஏறியது நியாயம்தான். ஆனால் ஏறிய விலைக்குள்ளேயே துணி மெலிந்துகொண்டும் போனது. உள்ளங்கையை உள்ளே விட்டால் ரேகை தெரிகிற சட்டைக்கு 2,500 ரூபா. அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல். உள்மடிப்பே இல்லை, ஓவர்லொக் போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். எங்கள் அம்மாக்கள் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது கீழே மூன்று அங்குலம் மடித்து வைக்கச் சொல்வார்கள், வருடா வருடம் அவிழ்த்து இறக்கிவிடலாம் என்று. இப்போது கடைச் சட்டையில் அவிழ்க்க ஒன்றுமே இல்லை.

எங்கள் ஆட்களுக்குப் புது உடுப்பு என்பது பெரும்பாலும் தீபாவளிக்குத்தான். தோட்டத்தில் தரும் முற்பணத்தில் எடுப்பது, பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபா. அதாவது 3,000 ரூபாச் சட்டைக்கு மூன்று முழுப் பேர், மூன்று நாள் முழுச் சம்பளம், விழ வேண்டும். கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாளென்றால் அதுவும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு வருடம் உழைக்கிற சட்டையாவது கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். 41 ஓடர் வந்தது. சராசரியாக ஒன்று 3,000 என்று பேசி, பாதி தீபாவளிக்கு முதல், மீதி அடுத்த சம்பளத்தில் என்று ஒத்துக்கொண்டேன். என் சங்கிலியை 80,000க்கு அடகு வைத்துவிட்டு செப்டெம்பர் கடைசியில் விடியற்காலை பஸ்ஸில் கொழும்பு புறக்கோட்டைக்குப் போனேன்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் நான்கைந்து கடை ஏறி இறங்கி ஓரிடத்தில் நல்ல பூப்போட்ட துணி பார்த்தேன். மெரூன், கரும்பச்சை, கருநீலம். கையில் எடுத்தால் குளிர்ச்சி, மெத்தென்று விழுகிறது. மீட்டர் 560. “தங்கச்சி, இது இந்தியன் கொட்டன். நம்பாட்டி எரிச்சுப் பாருங்க” என்றார் கடைக்காரர். எனக்கு எரித்துப் பார்க்கத் தெரியும். பொலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகும், பிளாஸ்டிக் வாசம் வரும். கொட்டன் என்றால் கடதாசி எரிகிற வாசம், ஊதினால் பறக்கிற சாம்பல். ஓரத்தில் இரண்டு நூல் உருவிக் கடைக்கு வெளியே வைத்து எரித்தேன். கடதாசி வாசம்தான். சாம்பல் பறந்தது. மனசு நிறைந்துபோய் 110 மீட்டர் வெட்டச் சொன்னேன். 61,600 ரூபா. லைனிங், சிப், நூல், பொத்தானுக்கு 8,400. பஸ், மூட்டைக் கூலி 2,500. பில்லில் “துணி 110 மீ” என்று மட்டும் எழுதி, கீழே வெட்டிய துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று சீல் குத்தியிருந்தது. அதை நான் படிக்கக்கூட இல்லை.

அது ரேயன். விஸ்கோஸ் என்றும் சொல்வார்கள். மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல். மரமும் பஞ்சும் அடிப்படையில் ஒரே பொருள் என்பதால் எரித்தால் இரண்டும் ஒரே மாதிரி எரியும், ஒரே வாசம், ஒரே சாம்பல். எரித்துப் பார்த்தால் பொலியஸ்டரைத்தான் பிடிக்கலாம், ரேயனைப் பிடிக்க முடியாது. இதை எனக்குச் சொன்னவர் ஹட்டனில் நாற்பது வருடத்துக்கு மேல் கடை வைத்திருந்த ஒரு வயதான டெய்லர். நட்டம் எல்லாம் ஆன பிறகு, திரும்பி வந்த சட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பார்த்தவுடன் நாக்கில் ஒரு நூலை ஈரப்படுத்தி இரண்டு கையால் இழுத்தார். பட்டென்று அறுந்தது. இன்னொரு நூலைக் காய்ந்தபடியே இழுத்தார், நின்று தாங்கியது. “ஈரத்துல அறுந்தா ரேயன் மகள். பஞ்சு நூல் ஈரமானா பலம் கூடும்” என்றார். அவ்வளவுதான் வித்தை. புறக்கோட்டையில் கடை வாசலில் நின்றே செய்திருக்கலாம்.

ரேயன் கெட்ட துணி இல்லை, இதையும் சொல்ல வேண்டும். கொழும்பு வெயிலில் போட்டுக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் காயப்போடுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் எங்கள் ஊரில் உடுப்பு கழுவுவது பீலிக்கரைக் கல்லில். சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து, பிரஷ் போட்டு, கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து காயப்போடுவார்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஈரமாகவே கொடியில் தொங்கும். ஈரத்தில் பாதிப் பலம் போகிற நூலுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. மிஞ்சிய துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் கோடு போட்டுக் கழுவிப் பார்த்தேன், நீளவாட்டில் 46 ஆகியிருந்தது. முப்பது அங்குலச் சட்டை இரண்டரை அங்குலம் குட்டையானதற்குக் காரணம் அதுதான். சாயமும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. என் தையலில் பிழை இருந்ததா என்று இரவெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒரு தையல்கூட அறுந்திருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த 27க்கும் முன்பணம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன், மீதியைக் கேட்கவில்லை. கையில் நின்றது 14 சட்டையின் 42,000. செலவு 72,500. அதில் 30,500 போய்விட்டது. அப்புறம் சின்னப் பிள்ளைகளின் 11 சட்டையை மட்டும் நல்ல கொட்டனில் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால். 22 மீட்டர், மீட்டர் 780, மொத்தம் 17,160. சங்கிலியை மீட்க ஏழு மாதமானது, வட்டி 8,400. எல்லாம் சேர்த்து 56,060 ரூபா. அம்மா மலையில் 56 நாள் நின்றால் கிடைக்கிற காசு. ஆறு வாரத் தையல் கூலியை நான் எழுதவே இல்லை. அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை, “விடு புள்ள, தெரியாமத்தானே” என்றார். அதற்குத்தான் அதிகம் அழுதேன்.

ஏன் தெரியவில்லை என்று அந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். பத்து வருடம் கார்மென்ட்ஸில் இருந்தவள். ஆனால் நான் பார்த்தது தையலை மட்டும். துணி சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ரோலாக வந்து இறங்கும்போதே அதை வேறொரு பகுதியினர் வெளிச்சத்தில் ஓடவிட்டுப் பழுதுக்குப் புள்ளி போடுவார்கள். மூன்று அங்குலத்துக்குள் பழுதென்றால் ஒரு புள்ளி, ஒன்பதைத் தாண்டினால் நான்கு. வேறொரு அறையில் துண்டு வெட்டிக் கழுவிச் சுருக்கம் அளப்பார்கள். டீசேர்ட் தைக்கிற பின்னல் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு நாள் பிரித்துப் போட்டு ஆறவிடுவார்கள். இதெல்லாம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏன் நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. வெளிநாட்டுக்குப் போகிற சட்டைக்கு இத்தனை பேர் பார்த்த வேலையை என் ஊர்ப் பிள்ளைகளின் சட்டைக்கு ஒருத்தியாவது பார்த்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்தான்.

டெய்லர் மாமாவிடம் பேசப் பேச, இது எனக்கு மட்டும் நேர்ந்த மறதி இல்லை என்று புரிந்தது. அவர் தொழில் பழகிய காலத்தில் வெயாங்கொடை, துல்ஹிரிய, பூகொடை அரசாங்க ஆலைகளில் நெய்த துணி கடைக்கு வரும். முரட்டுத் துணி, நிறம் குறைவு, ஆனால் எந்த ஆலைத் துணி எவ்வளவு சுருங்கும் என்று டெய்லருக்கு விரல் நுனியில் இருந்ததாம். முதல் நாளே நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு கைத்தறியும் விசைத்தறியும் ஒன்றொன்றாகப் படுத்தன. அரசாங்க ஆலைகள் தனியார் கைக்குப் போயின. 1977க்கு அடுத்த வருடமே, 1978இல், கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் ஊரூராக 200 ஆடைத் தொழிற்சாலை என்ற திட்டம் வந்தது. தைக்கிற வேலை பெருகியது, நெய்கிற வேலை சுருங்கியது. 2004 முடிவோடு, நாட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வாங்கிய ஏற்றுமதிக் கோட்டா முறையும் போக, சின்னத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. இன்று இங்கே துணி செய்கிற ஆலைகள் சில இருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஏற்றுமதிச் சட்டைக்கான பின்னல் துணி. 2022இல் 5 பில்லியன் டொலருக்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்த நாடு இது. 1993இலிருந்து பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் பள்ளிச் சீருடைத் துணியிலும் பெரும்பகுதி கடந்த சில வருடங்களாகச் சீனா அன்பளிப்பாகத் தந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் தைக்கத் தெரிந்த நாட்டில் அந்தத் துணியே வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. எனக்கு இது பெரிய அவமானமாகப் படுகிறது.

எங்கள் கைக்கு வருவது மிச்சம்தான். ஏற்றுமதியில் கழித்த சட்டைகள் லேபலைப் பாதி வெட்டி மஹரகமப் பக்கத்துத் துணிச் சந்தையான பமுணுவைக்கும் டவுன் நடைபாதைக்கும் வருகின்றன. அதில் நல்லதும் இருக்கும். வாங்கும்போது ஏன் கழித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். பொத்தான் ஓட்டை கோணல், ஒரு கறை, பொக்கட் ஏற்ற இறக்கம் என்றால் தாராளமாக எடுக்கலாம். பக்கத் தையல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிற டீசேர்ட் என்றால் வேண்டாம், அது துணியிலேயே உள்ள முறுக்கு, கழுவக் கழுவக் கூடும். நுவரெலியா பேல் பஜாரில் குளிருக்கு எடுக்கிறவர்கள் உள்பக்கச் சின்ன லேபலைத் தேடுங்கள், என்ன நூல் எத்தனை வீதம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் துணி ரோலில் அந்த விபரம்கூட எங்களுக்குக் கிடைப்பதில்லை.

மீட்டர் கணக்கில் துணி எடுக்கிறவர்களுக்கு நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதல் தடவையே மொத்தமாக எடுப்பதில்லை. நிறத்துக்குக் கால் மீட்டர் எடுத்து வருகிறேன், பஸ் காசு இரண்டு தடவை போனாலும் பரவாயில்லை. கடையிலேயே துணியை இரண்டு கையாலும் கசக்கித் தேய்ப்பேன். வெள்ளையாக மா உதிர்ந்தால் கஞ்சி ஏற்றிக் கனம் காட்டியிருக்கிறார்கள். எரித்துப் பார்ப்பேன், பிறகு ஈர நூலை இழுத்துப் பார்ப்பேன், இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் இருபது தடவை தேய்த்தால் சாயம் பிடிபடும். தையலுக்கு ஒரு சோதனை: இரண்டு துண்டைச் சேர்த்து ஒரு தையல் போட்டு இரண்டு பக்கமும் இழுங்கள். தையல் ஓரத்தில் துணி விலகி இடைவெளி தெரிந்தால் நெசவு ஐதானது, எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் நிற்காது. வீட்டுக்கு வந்து 50 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, எங்கள் ஆட்கள் கழுவுகிற மாதிரியே கழுவ வேண்டும். இது முக்கியம். நோகாமல் வாளியில் நனைத்துப் பார்த்துவிட்டுச் சுருங்கவில்லை என்று நினைத்தால் ஏமாறுவது நாம்தான். நான் அம்மாவிடம் கொடுத்துப் பீலிக்கு அனுப்புகிறேன். அவர் கல்லில் அடித்துத் தப்பிய துணி எதையும் தாங்கும்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நூறு வீதம் கொட்டன்” என்று கடைக்காரர் வாயால் சொன்னதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். எழுதி வாங்கியிருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிட என் கையில் ஆதாரம் இருந்திருக்கும். நான் அந்தக் கடைக்குத் திரும்பிப் போனபோது, “நான் இந்தியன் துணின்னுதானே சொன்னேன்” என்றார் அதே ஆள். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. புறக்கோட்டைச் சனத்துக்கு நடுவில் பேச்சே வராமல் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

இன்னொன்று, ஓடர் எடுக்கும்போதே துணி என்ன, எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு சுருங்கும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். கொட்டன் மீட்டருக்கு 200 ரூபா கூடத்தான். சிலர் கேட்டுவிட்டு டவுனுக்கே போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024இல் நாள் சம்பளம் 1,350 ஆனது, சாமான் விலைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் பெரியவர்களுக்கு டி.சி. துணியில் தைக்கிறேன், பொலியஸ்டரும் கொட்டனும் கலந்தது. வியர்க்கும், ஆனால் சுருங்காது, மழையிலும் சீக்கிரம் காயும், விலையும் கட்டும். பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டன்தான். கீழே மூன்று அங்குல உள்மடிப்பு, பக்கத்தில் ஓர் அங்குலம். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

இந்தத் தீபாவளிக்கு 23 ஓடர் வந்திருக்கிறது. போன கிழமை ஐந்து வகைத் துணி கால் கால் மீட்டர் எடுத்து வந்தேன். கரும்பச்சையும் ஒரு சிவப்பும் சாயம் போய்விட்டது. மற்ற மூன்றும் அம்மா அடித்த அடியைத் தாங்கிக்கொண்டு இஸ்தோப்புக் கொடியில் தொங்குகின்றன. மழை விட்டுக் காய்ந்த பிறகு அளந்து பார்த்துவிட்டுத்தான் சங்கிலியைப் பற்றி யோசிக்க வேண்டும்.